அக்கா மன்னிப்புக் கேட்ட வயல்

ஜெர்மனியின் வுப்பர்டால் நகரத்தில் எங்கள் ஆட்களிடம் அக்காவைப் பற்றிக் கேட்டால் இரண்டு விஷயம் சொல்வார்கள். நாய் வளர்த்தவர் என்பார்கள். செத்தாலும் யாரிடமும் மன்னிப்புக் கேட்க மாட்டார் என்பார்கள். முதலாவது உண்மை. இரண்டாவது பிழை. ஒரு தடவை கேட்டிருக்கிறார். அதைப் பக்கத்தில் நின்று பார்த்த ஒரே தமிழன் நான். ஆகவே சொல்ல வேண்டிய பொறுப்பும் என் தலையில்தான் விழுந்திருக்கிறது.

தொடங்க முதல் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எனக்கு நாய் என்றால் ஆகாது. சின்ன வயதில் கடித்தது, துரத்தியது என்று பெரிய கதை எல்லாம் கிடையாது. சும்மாவே ஆகாது. நக்குவது ஆகாது, மணம் ஆகாது, ஈர மூக்கைக் கொண்டுவந்து முழங்காலில் ஒற்றுவது ஆகவே ஆகாது. இப்படிப்பட்ட நான் சில வருடங்களாக ஞாயிற்றுக்கிழமைகளில் விடிய எழும்பி, ஒரு கறுப்பு லாப்ரடோரைக் காரின் பின்னுக்கு ஏற்றிக்கொண்டு, ஜெர்மனியின் வயல்வெளி எல்லாம் திரிந்தேன் என்றால் அதற்குக் காரணம் அக்காவும் என் மனைவியும்தான். அக்கா என் கூடப்பிறந்தவர் இல்லை, ஊருக்கே அக்கா; எங்களுக்கு மேல் மாடியில் இருந்தார். கார் ஓடத் தெரியாது. அவருடைய கணவருக்குப் பாண் சுடும் வெதுப்பகத்தில் வேலை. சனி ஞாயிறுதான் அவருக்கு முதுகு முறிகிற வேலை. அக்கா எங்கள் கதவைத் தட்டி, "ஞாயிறு அஞ்சு மணிக்கு வெளிக்கிடுறம், தம்பி" என்று சொல்லிவிட்டுப் படியேறிவிடுவார். அது கேள்வி இல்லை, அறிவித்தல். நான் வாயைத் திறப்பதற்குள் மனைவி உள்ளே இருந்து, "இஞ்சருங்கோ, ஏலாது எண்டு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ" என்பாள்.

மன்னிப்பு விஷயத்துக்கு வருகிறேன். இந்த நாட்டில் அது வணக்கம் மாதிரி. வழி விடச் சொல்ல மன்னிப்பு, தும்மினால் மன்னிப்பு, மணி கேட்க மன்னிப்பு. வந்து ஒரு கிழமையில் எங்கள் எல்லோருக்கும் வாயில் ஏறிவிடும் சொல் அது. அக்காவின் வாயில் மட்டும் ஏறவில்லை. பஸ்ஸில் இறங்க வேண்டுமென்றால், "நான் இறங்கப் போகிறேன்" என்று ஜெர்மனில் தெளிவாகச் சொல்வார். ஒருநாள் சுப்பர் மார்க்கெட்டில் அவருடைய தள்ளுவண்டி ஒரு கிழவரின் கூடையில் முட்டி, முட்டைப் பெட்டி நிலத்தில் விழுந்தது. நாங்கள் என்றால் அந்தச் சொல்லைப் பத்துத் தரம் சொல்லிக் கையைப் பிசைந்திருப்போம். அக்கா குனிந்தார், பெட்டியைத் திறந்து பார்த்தார், முட்டை உடைந்திருந்தது. தன் வண்டியில் இருந்த பெட்டியை எடுத்து அவருடைய கூடையில் வைத்தார். உடைந்ததைத் தன் வண்டியில் போட்டுக்கொண்டார். தலையை ஒருதரம் ஆட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார். கிழவர்தான் பின்னால் நின்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார்.

எங்கள் வீட்டு விசேஷத்திலும் ஒன்று நடந்தது. மகள் பெரியபிள்ளையானதற்கு வைத்த சாமத்தியச் சடங்கு. மண்டபம் நிறைந்த சனம். சாப்பாட்டுப் பந்தியில் அக்கா ஆட்டிறைச்சிக் கறியை வாயில் வைத்துவிட்டு, "உப்புக் கரிக்குது" என்றார். மெல்லச் சொல்லியிருக்கலாம். அவருக்கு மெல்லச் சொல்லத் தெரியாது. சமைத்தது என் மனைவியின் தம்பி. அவன் முகம் கறுத்தது, மனைவியின் முகம் அதைவிடக் கறுத்தது. மாதக் கணக்கில் மேல் மாடிக்கும் கீழ் மாடிக்கும் பேச்சுவார்த்தை இல்லை. ஒரு சொல் சொன்னால் போதும் என்று மனைவி காத்திருந்தாள். ஒருநாள் காலை கதவு தட்டுப்பட்டது. அக்கா ஒரு சட்டியோடு நின்றார். ஆட்டிறைச்சிக் கறி. "இதுதான் உப்பு அளவு" என்று கையில் தந்துவிட்டு மேலே போய்விட்டார். மனைவி சட்டியைப் பிடித்தபடி கோபப்படுவதா சிரிப்பதா என்று தெரியாமல் நின்றாள். மத்தியானம் அந்தக் கறியைத்தான் சாப்பிட்டோம். சும்மா சொல்லக்கூடாது, உப்பு அளவாகத்தான் இருந்தது.

நாய் வந்த கதையைச் சொல்கிறேன். தன் கடைசி மகளும் கலியாணம் கட்டிப் போன பிறகு அக்கா நடக்கத் தொடங்கினார். டொக்டர் நடக்கச் சொன்னாராம். அப்படி நடந்து போன இடத்தில், ஆற்றங்கரைப் புல்வெளியில், சிலர் நாய்களோடு பயிற்சி எடுப்பதைக் கண்டிருக்கிறார். ஒருவர் பச்சைத் துணிப்பையைத் தூக்கித் தூர எறிகிறார். நாய் கட்டில்லாமல் அசையாமல் இருந்து பார்க்கிறது. ஒரு சொல் சொன்னதும் ஓடிப்போய் எடுத்துவந்து கையில் கொடுக்கிறது. வேட்டையில் சுட்டு விழுத்திய பறவையை எடுத்துவரும் நாய் இனம் இது. பறவைக்குப் பதிலாக இந்தத் துணிப்பை, டமி என்பார்கள். அக்கா இருட்டும்வரை நின்று பார்த்தாராம். வீட்டுக்கு வந்து கணவரிடம், "ஒருக்கால் சொன்னதைக் கேட்கிற உயிர் ஒண்டை இண்டைக்குத்தான் கண்டன்" என்றாராம். அந்த மனிதர் இதை என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

நாய்க்குட்டி விற்ற பெண் அக்காவை வீட்டுக்குக் கூப்பிட்டு, எங்கே படுக்க வைப்பீர்கள், தனியே எவ்வளவு நேரம் இருக்கும், சுகமில்லாமல் போனால் யார் பார்ப்பது என்று துளைத்து எடுத்திருக்கிறாள். அகதி விண்ணப்பத்துக்குக்கூடத் தன்னிடம் இவ்வளவு கேள்வி கேட்கவில்லை என்று அக்கா சொன்னார். குறையாகச் சொல்லவில்லை, மெச்சித்தான் சொன்னார். குட்டிக்குப் பரம்பரைப் பத்திரம் இருந்தது. அப்பன், பாட்டன், பூட்டன் என்று எல்லோரும் வாங்கிய பட்டங்களோடு. அதில் வாயில் நுழையாத நீளப் பெயர் ஒன்று இருந்தது. அக்கா அதை ஒருதரம் வாசித்துவிட்டு "ராசா" என்று கூப்பிட்டார். அது திரும்பிப் பார்த்தது. முடிந்தது.

ராசாவுக்கு அவர் தமிழிலேயே பழக்கினார். இரு, வா, போ, தா. அந்த நாய்க்கு விளங்கிய தமிழ் என் மகனுக்கு விளங்கியிருந்தால் நான் நிம்மதியாகச் சாவேன். சொல்வது ஒரு தடவைதான். குரல் உயராது. மற்றவர்கள் ஊதல் ஊதுவார்கள், கத்துவார்கள், கையை விசுக்குவார்கள். அக்கா "போ, ராசா" என்பார், அவ்வளவுதான். கொண்டுவந்த பையை எல்லோரும் ஒற்றைக் கையால் வாங்கித் தோள்பைக்குள் செருகுவார்கள். அக்கா இரண்டு கையையும் சேர்த்து நீட்டி, கோயிலில் பிரசாதம் வாங்குவதுபோல வாங்குவார்.

இந்த வேலையில் நாய்களுக்குப் போட்டியும் வைப்பார்கள். அக்காவின் முதல் போட்டியில் ஒரு கூத்து நடந்தது. கடையில் விற்கும் டமி விலை என்று அக்கா பாஸ்மதி அரிசிச் சாக்கை வெட்டி, மணல் நிரப்பித் தானே தைத்து வைத்திருந்தார். ராசா அரிசிச் சாக்கின் மணத்திலேயே வளர்ந்தவன். மிஞ்சிய சாக்கில் எனக்கும் ஒரு சாப்பாட்டுப் பை தைத்துத் தந்திருந்தார். போட்டியன்று பற்றைக்குள் ஒளித்து வைத்த டமிகளைத் தேடி எடுக்க வேண்டும். அக்கா "போ, ராசா" என்றார். அவன் பற்றையைத் தாண்டி, நடுவரைத் தாண்டி, நேராக என் காரடிக்கு வந்து, என் பையைக் கவ்விக்கொண்டு போனான். உள்ளே புட்டும் முட்டைப் பொரியலும். நடுவர் ஒரு வயதான ஜெர்மன் பெண். பச்சைத் தொப்பி, சிரிக்காத முகம். புட்டுப் பையை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இது என்ன என்று கேட்டார். வேறு யாரும் என்றால் அவமானத்தில் செத்திருப்பார்கள். அக்கா, "என் நாய் பிழை விடவில்லை. அதே துணி, அதே தையல். கெட்டிக்காரன்" என்றார். நடுவர் சைபர் போட்டார். அக்கா அடுத்த நாளே கடைக்குப் போய்ப் பச்சை டமி வாங்கினார். நான் அன்று முழுக்கப் பட்டினி.

அதன்பிறகு அவர்கள் இரண்டு பேரும் ஏறினார்கள் பாருங்கள், அப்படி ஏறினார்கள். தொடக்க வகுப்பு, அடுத்த வகுப்பு, பிறகு எல்லாவற்றிலும் மேலான திறந்த வகுப்பு. எங்கள் ஆட்களில் வேறு யாரும் அந்த வயல்களில் நின்றதை நான் காணவில்லை. தலையில் முக்காடாகக் கம்பளித் துண்டு, காலில் றப்பர் பூட்ஸ், பக்கத்தில் தோல் மினுங்கும் கறுப்பு நாய். தூரத்தில் இருந்து பார்க்கும்போது எனக்கே ஒரு மிடுக்கு வரும். தொடக்கத்தில் காருக்குள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு இருந்த நான், கொஞ்சக் காலத்தில் வெளியே வந்தேன். பிறகு வேலியடிக்குப் போனேன். பிறகு பார்த்தால், புள்ளி குறைந்தால் நடுவரைத் திட்டுகிற நிலைக்கு வந்துவிட்டேன். நாய் ஆகாது என்பது வேறு, எங்கள் நாய் என்பது வேறு.

கோயிலிலும் ராசாவால் ஒரு பிரச்சினை வந்தது. திருவிழாவுக்கு அக்கா அவனைக் கூட்டிவந்து, வாகனம் நிறுத்தும் இடத்துக்கு அப்பால் மரத்தோடு கட்டிவிட்டுக் தோய்த்து உடுத்த சேலையோடு உள்ளே போனார். சேலையில் ஒரு கறுப்பு மயிர் ஒட்டியிருந்ததாம். நிர்வாகத்தில் ஒருவர் எல்லோரும் பார்க்க, நாய் மயிரோடு உள்ளே வந்ததற்கு மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போங்கள் என்றார். அக்கா மூலையில் இருந்த வைரவர் சந்நிதியைக் கையால் காட்டி, "அங்க அவரின்ர காலடியில நிக்கிறது என்ன, ஆடோ?" என்று கேட்டார். வைரவரின் வாகனம் நாய் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அந்த மனிதர் ஒதுங்கி வழி விட்டார். மயிரைச் சேலையிலிருந்து எடுத்துக் கைக்குட்டைக்குள் வைத்துக்கொண்டு அக்கா சுற்றுப்பிரகாரத்தைச் சுற்றி முடித்தார்.

இதெல்லாம் பார்த்த பிறகு எனக்கும் பொறுக்கவில்லை. ஒரு பயணத்தில், நெடுஞ்சாலையில், கேட்டேவிட்டேன். அந்த ஒரு சொல்லில் என்ன இருக்கிறது, அக்கா, சொல்லிவிட்டால் ஊர் வாய் அடங்குமே என்றேன். அவர் வெளியே பார்த்தபடி சொன்னார். சின்ன வயதில் ஊரில் அப்பாவின் சைக்கிளில் பின்னுக்கு இருந்து பள்ளிக்கூடம் போவாராம். வழியில் இராணுவக் காவலரண். அப்பா ஒவ்வொரு நாளும் இறங்கி, உருட்டிக்கொண்டு போய், ஒரு பிழையும் செய்யாமலே "சொறி சேர்" சொல்ல வேண்டும். ஒருநாள் சத்தம் காணாது என்று திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தார்களாம். பின்னால் இருந்த பிள்ளை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தது. "எங்கட வீட்டுப் பங்கை அப்பா சொல்லி முடிச்சிட்டார், தம்பி" என்றார் அக்கா. நான் ரேடியோவைப் போட்டேன்.

ராசாவுக்கு வயது போனது. வாய் ஓரம் நரைத்தது. இடுப்பு மூட்டில் பிடிப்பு வந்தது. மிருக வைத்தியர், இந்தப் பருவத்தோடு போட்டி போதும் என்று சொல்லிவிட்டார். திறந்த வகுப்பில் அவன் ஒரு தடவை "நல்லது", ஒரு தடவை "மிக நல்லது" என்று வாங்கியிருந்தான். அதற்கு மேலே ஒரே ஒரு தரம் இருக்கிறது, "மிகச் சிறப்பு". அது கிடைத்தால் பரம்பரைப் பத்திரத்தில் பாட்டன் பூட்டனுக்குப் பக்கத்தில் அவன் பெயரோடும் ஏறும். அக்காவுக்கு அது வேண்டும். வாய் திறந்து எதையும் ஆசைப்படாத மனுசி, அந்த இலையுதிர்காலக் கடைசிப் போட்டிக்குப் போகும் வழியில் சொன்னார், "எனக்கில்லை, தம்பி. அவன்ர பேருக்குப் பின்னால அந்த ஒரு சொல் வேணும்" என்று. என் மகனின் பரீட்சைக்குக்கூட வைக்காத நேர்த்தியை அன்று காரை ஓட்டியபடியே வைத்தேன்.

போட்டி கீழ் ரைன் ஆற்றுப் பக்கம், ஒரு பெரிய பண்ணை. மழை பெய்து விட்டிருந்தது. ராசா அன்று ஓடியதை நான் எப்படிச் சொல்ல? கால் பிடிப்பு எங்கே போனதோ தெரியாது. குளத்துக்கு அக்கரையில், அவன் காணாமலே வைத்திருந்த பையை எடுக்க வேண்டும். அக்கா கையைக் காட்டி ஒரு சொல் சொன்னார். நேரே நீந்திப் போய், கரையேறி, காற்றை முகர்ந்து, எடுத்துக்கொண்டு திரும்பினான். தேடல் வேலையிலும் ஒரு குறை இல்லை. மத்தியானம் பலகையில் புள்ளிகளை எழுதிப் போட்டபோது மேலே இருந்தது ராசாவின் பெயர். நான் பலகையை ஃபோனில் படம் எடுத்து மனைவிக்கு அனுப்பினேன். பக்கத்தில் நின்ற ஜெர்மன்காரரிடம், அது எங்கள் நாய் என்றும் சொன்னேன்.

மிச்சம் ஒரே ஒரு வேலை. வரிசை நடை. சீனி எடுக்கிற கிழங்கு வயலில் நாயும் ஆட்களுமாக ஒரு வரிசையில் நடக்க வேண்டும். நடுவர் நடுவில் நடப்பார். நாய்க்குக் கட்டும் இல்லை, கழுத்துப் பட்டியும் இல்லை. நடக்கும்போது எங்கோ வெடிச் சத்தம் கேட்கும், முன்னால் டமி பறந்து விழும். உடனே வரிசை நிற்க வேண்டும், நாய்கள் பின்காலில் குந்தி இருக்க வேண்டும். நடுவர் ஒரு நாயின் பெயரைச் சொல்வார், அது மட்டும் போய் எடுத்துவரும். மற்ற நாய் அசைந்தால் சைபர். நாய் குரைத்தாலோ முனகினாலோ சைபர். ஆள் நாயைக் கையால் தொட்டால், பிடித்து நிறுத்தியதாகக் கணக்கு, அதுவும் சைபர். ஒரு வேலையில் சைபர் வாங்கினால் அன்றைய முழுப் போட்டியும் போச்சு, அதற்குமுன் எவ்வளவு நன்றாகச் செய்திருந்தாலும். நடுவர், பழைய பச்சைத் தொப்பி அம்மாதான்.

பார்வையாளர்கள் கொஞ்சம் பின்னால் நடக்கலாம். நான் அக்காவுக்கு நேர் பின்னால் போனேன். கிழங்கு இலைகள் முழங்கால் அளவுக்கு, எல்லாம் ஈரம். இலைக்குக் கீழே உழவு வாய்க்கால் இருப்பது கண்ணுக்குத் தெரியாது. அக்காவின் வலது கால் ஒன்றுக்குள் இறங்கிவிட்டது. சரிந்தவர் மற்றக் காலை ஊன்றினார். முழுப் பாரத்தோடும் அந்த றப்பர் பூட்ஸ் ராசாவின் முன்னங்காலில் இறங்கியதை நான் பார்த்தேன்.

அவன் உடம்பு முழுதும் ஒருதரம் நடுங்கியது. வாய் திறந்தது. கத்தப் போகிறான், எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். வாய் மூடியது. சத்தம் வரவில்லை. காலை இழுத்துக்கொண்டு, தலையை நிமிர்த்தி, அக்காவின் முகத்தைப் பார்த்தான். அவ்வளவுதான்.

அக்கா நின்றார். குனிந்தார். வலது கையால் அவன் காலைத் தொட்டு, அந்தக் கையைத் தன் இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார். புத்தகத்தில் கால் பட்டால், பெரியவர்களில் கால் பட்டால் நாங்கள் செய்வோமே, அதே செய்கை. மனிதர் மேல் கால் பட்டாலே இப்போது எத்தனை பேர் செய்கிறார்கள்? நாயில் கால் பட்டால் எங்கள் ஊரில் நாய்தான் விலகிப் போக வேண்டும். தன் வாழ்நாளில் ஒரு மனிசருக்கும் தலை குனியாத அந்தப் பெண் சேற்று வயலில் குனிந்து ஒரு நாயின் காலைத் தொட்டுக் கும்பிட்டார். கை அவன் காலில் இருக்கும்போதே வெடி வெடித்தது. பை பறந்து விழுந்தது. அவர் அவசரப்படவில்லை. கண்ணில் ஒற்றி முடித்துத்தான் நிமிர்ந்தார். ராசா அதற்குள் குந்தி இருந்துவிட்டான். கண் பை விழுந்த இடத்தில்.

வெடிச் சத்தத்தோடு நடுவர் நாய்களின் பக்கம் திரும்பியிருந்தார். கண்டுவிட்டார். வரிசையை நிறுத்திவிட்டு அக்காவிடம் வந்தார். நாயைப் பிடித்தீர்களா என்று கேட்டார். பிடிக்கவில்லை, தொட்டேன் என்றார் அக்கா. நடுவர் பள்ளத்தைப் பார்த்தார், அக்காவின் பூட்ஸைப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார், "தடுக்கி விழப் பார்த்தீர்கள், விழாமல் இருக்கக் கை பட்டுவிட்டது. அப்படித்தானே?"

வரிசையில் நின்ற எல்லோருக்கும் விளங்கியது. தவறி விழும்போது கை பட்டால் அது பிடித்ததாகாது, மன்னித்து விட்டுவிடலாம். சிரிக்காத அந்த மனுசி தன் கையாலேயே கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்கிறார். ஓம் என்ற ஒரு சொல் போதும். அரை உண்மைகூடத்தான், தடுக்கியது தடுக்கியதுதானே! ஓம் எண்டு சொல்லுங்கோ அக்கா, சொல்லுங்கோ என்று நான் பின்னால் நின்று மனதுக்குள் மன்றாடினேன்.

"இல்லை" என்றார் அக்கா. "அவனுடைய காலை மிதித்துவிட்டேன். மன்னிப்புக் கேட்டேன்."

அந்தச் சொல்லை அவர் வாயில் எந்தப் பாஷையிலும் நான் கேட்டது அதுதான் முதல்தரம்.

"வேலை முடிந்த பிறகு கேட்டிருக்கலாமே?"

"மிதித்தது வேலை நடக்கும்போது."

நடுவர் தன் தாளில் எழுதினார். பிறகு சைபர் என்றார். அக்கா தலையை ஆட்டினார், விலை சரியென்று கடையில் ஆட்டுவதுபோல. குளம், தேடல், பலகையில் மேலே இருந்த பெயர், எல்லாம் போச்சு. இனி அடுத்த பருவம் என்று ஒன்றும் கிடையாது.

சைபர் வாங்கினால் நாயைக் கட்டிக் கூட்டிப்போக வேண்டும் என்பது வழக்கம். அக்கா கழுத்துக் கயிற்றை எடுத்தார். நடுவர் கையைக் காட்டி நிறுத்தினார். சேற்றில் முழங்காலை ஊன்றி இருந்து ராசாவின் காலைத் தூக்கி, விரல் விரலாக அமத்திப் பார்த்தார். அவன் அவரைத் திரும்பியும் பார்க்கவில்லை. பை விழுந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். எலும்புக்கு ஒன்றுமில்லை என்று சொல்லி அவர் எழும்பினார். "இவ்வளவு நேரமும் பார்த்துக்கொண்டிருக்கிறான். போய் எடுக்கட்டும்" என்றார்.

"போ, ராசா" என்றார் அக்கா.

முதலில் கொஞ்சத் தூரம் அந்தக் காலை ஊன்றாமல் கெந்திப் போனான். பிறகு ஊன்றினான். பிறகு ஓடினான். கிழங்கு இலைகளுக்கு மேலால் கறுப்பு முதுகு எழும்பி எழும்பிப் போனது. கோடு கீறினமாதிரி நேரே போய் எடுத்து, நேரே வந்து, அக்காவின் முன்னால் இருந்து, தலையை நிமிர்த்திக் கொடுத்தான். அவர் இரண்டு கையாலும் வாங்கினார். வரிசையில் ஒருவரும் அசையவில்லை, ஒரு நாயும் அசையவில்லை. என் கண் கலங்கிவிட்டது. நாய்க்காக, எனக்கு! ஆனால் அது கவலையில் வந்த கண்ணீர் இல்லை. அந்த வயல் முழுதும் கேட்க, இவர் எங்கள் அக்கா, இவன் எங்கள் ராசா என்று கத்த வேண்டும்போல இருந்தது. நான் கத்தவில்லை. சத்தம் போடக்கூடாத வரிசை அது.

தோற்றவர்கள் வழக்கமாகப் பரிசளிப்புக்கு நிற்க மாட்டார்கள். அக்கா நின்றார். ராசாவின் காலைக் குளிர்ந்த தண்ணீரில் கழுவி, துடைத்து, பக்கத்தில் இருத்திவிட்டு, ஒவ்வொரு பெயருக்கும் கை தட்டினார். முதல் இடம் வாங்கிய இளம் பெண் கோப்பையோடு நேரே அக்காவிடம் வந்து, தன் நாய் என்றால் வயலே அதிரக் கத்தியிருக்கும் என்றாள். அக்கா, "ஓம், உன்னுடைய நாய் வாயாடிதான்" என்றார். அந்தப் பெண் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது.

பிறகு ராசா இன்னும் மூன்று குளிர்காலம் இருந்தான். அவன் போனபின் அக்காவும் கணவரும் வடக்கே, கடல் பக்கம் இருக்கிற மகளிடம் குடிபெயர்ந்துவிட்டார்கள். அவனுடைய பெயருக்குப் பின்னால் "மிகச் சிறப்பு" என்ற அந்தச் சொல் ஏறவே இல்லை.

அந்தக் கடைசிப் போட்டியன்று காருக்குள் ஏறிய பிறகும் எனக்கு மனம் ஆறவில்லை. சாவியைப் போட்டுவிட்டுத் திருப்பாமல் இருந்தேன். பின்னால் ராசா கம்பளியில் சுருண்டு படுத்து, அடிபட்ட காலை நக்கிக்கொண்டிருந்தான். அந்த அம்மாவே வழி காட்டினாரே, அக்கா, தடுக்கினது உண்மைதானே, ஓம் எண்டு ஒரு சொல் சொல்லியிருந்தால் இவன் இண்டைக்கு வெண்டிருப்பானே என்று கேட்டேன். என் குரலில் கோபம் இருந்தது. அவர் திரும்பிப் பின்னால் பார்த்தார்.

"கால் நசிஞ்சும் அவன் வாய் திறக்கேல்லை, தம்பி. நான் வாய் திறந்து பொய் சொல்லவோ?"

நான் காரை எடுத்தேன்.